லோமே சந்தைக்கு எந்தப் பாடம்? ஆப்பிரிக்கச் சிறுதொழிலும் தொழில் கல்வியும்

2014ஆம் ஆண்டு டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில் உரிமையாளர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் 500 பேருக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டவர்கள். அடுத்த 500 பேருக்கு உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் தொழில் பாடம்: கணக்கு எழுதுவது, சந்தைப்படுத்தல், பணியாளர் நிர்வாகம், தொழிலை அரசிடம் பதிவுசெய்வது. மூன்றாவது 500 பேருக்கு உளவியலாளர்கள் வகுத்த வேறொரு பாடம். பிறர் சொல்லும்வரை காத்திராமல் தானே தொடங்குவது, நாளைக்கு வரப்போவதை இன்றே யோசிப்பது, தடை வந்தால் சுற்றிப் போக வழி தேடுவது என்ற மூன்றும்தான் அதன் சாரம். ஜெர்மன் உளவியலாளர் மிக்கேல் ஃப்ரெசே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த ‘சுயமுனைப்பு’ என்ற கருத்திலிருந்து அது உருவானது.

இரண்டு பாடத்துக்கும் ஒரே அளவு நேரம். வாரத்துக்கு 3 அரைநாள், 4 வாரம், மொத்தம் 36 மணி. பிறகு நான்கு மாதம், மாதம் ஒருமுறை பயிற்சியாளர் கடைக்கே வந்து பார்ப்பார். ஒருவருக்கு ஆன செலவு சுமார் 750 டாலர். அடுத்த இரண்டு ஆண்டுக்கு மேல் திரும்பத் திரும்பப் போய் லாபத்தை அளந்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான பாடம் படித்தவர்களின் லாபம் ஒப்பீட்டுப் பிரிவைவிட 11 சதவீதம் கூடியிருந்தது. அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு. சுயமுனைப்புப் பாடம் படித்தவர்களுக்கு 30 சதவீதம் கூடியது. பெண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது: ஒன்றில் 5 சதவீதம், மற்றொன்றில் 40.

இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு ‘கணக்குப் பாடம் வீண், மனப்பாங்கு மாறினால் போதும்’ என்று முழங்குபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஆப்பிரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. எதைச் சொல்லித்தருகிறோம் என்பதோடு, யார் சொல்லித்தருகிறார், அதைச் செய்து பார்க்கக் கையில் எவ்வளவு முதல் இருக்கிறது, வகுப்பு முடிந்தபின் எத்தனை மாதம் யாராவது கூட வருகிறார்கள் என்பவையும் சேர்ந்துதான் பலனைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

லோமேக்கும் வியாபாரத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1960கள் முதல் 80கள் வரை அந்நகரின் பெரிய சந்தையை ஆண்டவர்கள் ‘நானா பென்ஸ்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள். ஹாலந்தில் மெழுகு முறையில் அச்சிட்ட வண்ணத் துணியை மொத்தமாக வாங்கி மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க விற்றார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்ததால் அந்தப் பெயர். பெரும்பாலோர் வணிகப் பள்ளிப் பக்கம் போகாதவர்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு பூ வடிவத்தைத் தான் மட்டுமே விற்கும் உரிமையை உற்பத்தியாளரிடம் பேசி வாங்கத் தெரிந்திருந்தது. அந்த வடிவத்துக்கு ‘என் கணவர் கெட்டிக்காரர்’ என்பது போல ஒரு பெயர் சூட்டினால் துணி வேகமாக நகரும் என்றும் தெரிந்திருந்தது. பக்கத்துக் கடையில் இல்லாத ஒன்றைத் தன் கடையில் வைப்பது என்பதை அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டபோது இறக்குமதித் துணியின் விலை இரட்டிப்பானது. பின்னாலேயே மலிவான சீனப் பிரதிகள் வந்தன. அந்த வியாபாரம் சரிந்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. பயிற்சியால் எது முடியும், எது முடியாது என்று பேசும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுயமுனைப்பு வகுப்பில் நடப்பது ஊக்கப் பேச்சு அல்ல. வியாபாரி தன் தெருவிலுள்ள அதே தொழில் செய்யும் கடைகளைப் போய்ப் பார்த்து, தன்னுடையது எதில் மாறுபடுகிறது என்று எழுதவோ சொல்லவோ வேண்டும். பெரும்பாலும் ‘எதிலும் இல்லை’ என்பதே பதில். ஒரே தெருவில் ஆறு தையல் கடை, ஆறிலும் ஒரே வேலை, ஒரே விலை. அடுத்த வகுப்புக்குள் மூன்று வாடிக்கையாளரிடம் ‘என்னிடம் கிடைக்காததால் வேறு எங்கே போய் எதை வாங்குகிறீர்கள்?’ என்று கேட்டு வர வேண்டும். பிறகு ஓர் இலக்கு: இத்தனை வாரத்தில் இந்தப் புதிய பொருள். அதற்கு என்ன தடை வரலாம், வந்தால் முதலில் என்ன செய்வது, அதுவும் நடக்காவிட்டால் அடுத்தது என்ன. ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கடையிலேயே செய்ய வேண்டியதாக இருக்கும். லோமேயில் இந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட அதிகம் புதுப் பொருட்களை அறிமுகப்படுத்தினார்கள், அதிகம் கடன் வாங்கினார்கள், அதிகம் முதலீடு செய்தார்கள். லாபம் கூடியது அந்த வழியாகத்தான்.

இதே வகைப் பாடம் எங்கே கொண்டுபோனாலும் முளைக்கும் என்றும் சொல்ல முடியாது. எத்தியோப்பியாவில் மனப்பாங்கை மையமாக வைத்த இரண்டு பயிற்சிகளை ஒப்பிட்டபோது ஒன்றில் லாபம் நன்றாகக் கூடியது, மற்றொன்றில் அசையவில்லை. பாடநூலை நகலெடுப்பது எளிது. அதை நடத்தும் ஆளை நகலெடுக்க முடியாது.

கணக்குப் பாடம் ஏன் தனியே நிற்பதில்லை

லோமே தெருவோரத்தில் ஆயிமோலு விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த சோறு அது. காலை நேரத்தில் நன்றாகப் போகும். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரு நாள் விற்பனை 15,000 பிராங்க். அரிசி, காராமணி, எண்ணெய், தக்காளி, மீன் வாங்கியது 10,500. மிச்சம் 4,500 லாபம் என்று அவர் நினைக்கிறார். கரி 800, உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு 1,000, இடத்துக்கான சீட்டு 200 ஆகியவை கைப்பையிலிருந்து சில்லறையாகப் போவதால் கணக்கில் ஏறுவதில்லை. உண்மையில் மிஞ்சுவது 2,500. அவர் வீட்டுச் செலவுக்கு எடுப்பதோ 3,000. நாளுக்கு 500 பிராங்க் முதலிலிருந்து கரைகிறது. மாதம் 26 நாள் கடை என்றால் 13,000. அதாவது ஒரு நாள் சரக்கின் மொத்த விலையைவிட அதிகம். இரண்டாவது மாதம் அரிசி வாங்கக் கைமாற்று வாங்குகிறார். ‘வியாபாரம் நன்றாகத்தான் போனது, எங்கே தப்பியது என்று தெரியவில்லை’ என்பார். பெரிய பானை ஒன்று 36,000 பிராங்க், இரண்டு ஆண்டு தாங்கும் என்றால் அதற்கு மாதம் 1,500 ஒதுக்க வேண்டும். தன் கூலி என்று ஒன்றை அவர் இன்னும் போடவே இல்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் இதற்குப் பல பத்திகள் கொண்ட பேரேடு தேவையில்லை. இரண்டு டப்பா போதும். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. ஒவ்வொரு இரவும் மறுநாள் சரக்குக்கான தொகையை முதலில் கடை டப்பாவில் போட்டுவிட்டு, நிர்ணயித்த கூலியை மட்டும் வீட்டு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். டொமினிகன் குடியரசில் முறையான கணக்குப் பயிற்சியையும் இப்படிப்பட்ட எளிய விதிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள்; விதிகள்தான் நடைமுறையில் தங்கின. எழுதப் படிக்கச் சிரமப்படும் வியாபாரிகள் மிகுந்த இடங்களில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம்.

ஆனால் கணக்கு செலவைத்தான் காட்டும். 2,500 மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு அதை 4,000 ஆக்குவது எப்படி என்று அது சொல்லாது. அதற்குப் புதிய வாடிக்கையாளர் வேண்டும், அல்லது மலிவாக வாங்கும் இடம் வேண்டும், அல்லது கூடுதல் விலைக்குப் போகும் பொருள் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 10 வாரப் பயிற்சி ஒன்றில் ஒரு பிரிவுக்கு நிதிப் பாடம், ஒரு பிரிவுக்குச் சந்தைப்படுத்தல் பாடம் தரப்பட்டது. இரண்டிலும் லாபம் கூடியது; வழிதான் வேறு. நிதி படித்தவர்கள் செலவைக் குறைத்தார்கள். சந்தைப்படுத்தல் படித்தவர்கள் விற்பனையைப் பெருக்கி, ஆட்களையும் வேலைக்கு எடுத்தார்கள். ஊருக்கு வேலைவாய்ப்பு வேண்டும் என்று நினைக்கும் அரசு எந்தப் பாடத்துக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல குறிப்பு.

வழக்கமான பாடத்தை முழுக்க ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கும் சான்று உண்டு. கென்யாவில் 157 கிராமச் சந்தைகளில் 3,537 பெண் வியாபாரிகளை வைத்து, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐந்து நாள் பயிற்சியைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து விற்பனை 18 சதவீதமும் லாபம் 15 சதவீதமும் கூடியிருந்தன. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுக்கும் அங்கே பதில் கிடைத்தது. பயிற்சி பெற்றவள் விற்பனையைக் கூட்டினால் பக்கத்துக் கடைக்காரியின் வாடிக்கையாளரைத்தானே பிடுங்குகிறாள்? பிடுங்கவில்லை. பயிற்சி பெறாதவர்களுக்கு இழப்பு தென்படவில்லை. சந்தைக்கு வருவோரின் எண்ணிக்கையே கூடியது. வாடிக்கையாளரை நன்றாகக் கவனித்ததும், முன்பு அங்கே கிடைக்காத பொருட்களைக் கொண்டுவந்ததும்தான் காரணம். பாடத்தின் பெயர் எதுவானாலும் பலன் வந்த வழி லோமேயில் பார்த்ததேதான்.

யார் சொல்லித்தருகிறார்

கானாவின் தலைநகர் அக்ராவில் 160 தையல்காரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குப் பன்னாட்டுக் கணக்காய்வு நிறுவனமொன்றின் ஆலோசகர்கள் ஓராண்டு இலவசமாக ஆலோசனை சொன்னார்கள். வருகைப் பதிவு வை, வரவு செலவு எழுது, கடையை ஒழுங்காக அடுக்கு, வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசு. தையல்காரர்கள் கேட்டார்கள், செய்தும் பார்த்தார்கள். லாபம் கூடவில்லை, கொஞ்சகாலம் குறைந்தே போனது. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலோர் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பியது சோம்பலால் அல்ல. சொன்னதைச் செய்து பார்த்து, தன் கடைக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு விட்டார்கள். ஒரே ஆள் வெட்டித் தைத்து விற்கும் கடையில் கணக்கு எழுத எடுக்கும் அரை மணி நேரம் தைக்காமல் போன அரை மணி நேரம். பெரிய நிறுவனத்துக்கு நல்லது என்று பெயர் பெற்ற முறை இந்த அளவுக் கடைக்கும் நல்லது என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை.

நைரோபியின் டன்டோரா குடியிருப்பில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தார்கள். இளம் பெண் வியாபாரிகளில் ஒரு பிரிவுக்கு வகுப்பு. மற்றொரு பிரிவுக்கு அதே குடியிருப்பில் நன்றாகத் தொழில் நடத்தும் மூத்த பெண் ஒருவர் வழிகாட்டி. வகுப்பால் லாபம் மாறவில்லை. வழிகாட்டி கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. அந்த அக்காமார் சொன்னது கோட்பாடு அல்ல. எந்த மொத்த வியாபாரியிடம் போனால் அதே சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்ற உள்ளூர்த் தகவல். அதனால் கொள்முதல் செலவு குறைந்தது. ஆனால் சந்திப்பு நின்றதும் பலனும் மங்கியது. விலையும் ஆளும் மாறிக்கொண்டே இருக்கும் சந்தையில் தகவல் பழசாகிவிடும். அதைப் புதுப்பிக்க ஆள் வேண்டும்.

இதையெல்லாம் ஒரு சமூகம் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லாமலேயே ஏற்பாடாக்கி வைத்திருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் ‘இமு ஆஹியா’ என்கிறார்கள். வியாபாரம் கற்றல் என்று பொருள். இக்போ பகுதி நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்றதால் மூண்ட பியாஃப்ரா போர் 1970 ஜனவரியில் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இக்போ கணக்குதாரர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண்டு மட்டுமே கிடைத்தது. மூலதனம் இல்லாத சமூகம் மீண்டு வந்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு. பதின்பருவப் பையனை ‘ஓகா’ என்னும் முதலாளியிடம் ஐந்து முதல் எட்டு ஆண்டுவரை ஒப்படைப்பார்கள். சாப்பாடும் தங்குமிடமும் ஓகாவின் பொறுப்பு, சம்பளம் இல்லை. முதலில் வீட்டு வேலையும் கடை பெருக்குவதும். பிறகு சரக்கு எடுத்துக் கொடுப்பது, வாடிக்கையாளரிடம் பேரம், கடன் பாக்கி வசூல். கடைசியில் தனியாகப் போய்ச் சரக்குக் கொள்முதல். காலம் முடிந்ததும் ஓகா அவனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்க வேண்டும்: கடை வாடகை, முதல் சரக்கு, ரொக்கம். ஒனிச்சா சந்தையிலும், அபாவின் அரியாரியா சந்தையிலும், லாகோசின் அலபா சந்தையிலும் இருக்கும் ஏராளமான கடைகள் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவை.

பணத்தைவிட மேலான ஒன்று அங்கே கைமாறுகிறது. ஏழாண்டு ஓகாவின் கடையில் நின்றவனை மொத்த வியாபாரிக்கு முகம் தெரியும். அவனுக்குக் கடனுக்குச் சரக்குக் கிடைக்கும். வகுப்பறையால் தர முடியாத சொத்து அது. இதன் குறைகளும் கண்ணுக்குத் தெரிந்தவையே. ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்மொழி, சாட்சிக்கு இரு குடும்பத்துப் பெரியவர்கள். கடைசி ஆண்டில் திருட்டுப் பழி சுமத்தி வெறுங்கையோடு அனுப்பிவிடும் ஓகாக்களும் உண்டு. பையன் பள்ளியை விட்டுவிட்டு வருகிறான். பெண்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. காலம், இறுதித் தொகையைக் கணக்கிடும் முறை, இடையில் பிரிந்தால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வைத்து, மாலைப் பள்ளி ஒன்றையும் சேர்த்தால் இந்த முறையின் பெரும் ஓட்டைகள் அடைபடும். வெளிநாட்டு நிதியில் புதுப் பயிற்சி மையம் கட்டுவதைவிட இது மலிவு என்பதில் ஐயமில்லை.

முதல் இல்லாத பாடம்

பாடம் நன்றாக இருந்து, சொல்பவரும் சரியாக இருந்து, கையில் பணம் இல்லையென்றால் புதுப் பொருளை எதை வைத்து வாங்குவது? கானாவில் சிறுதொழில் செய்வோருக்கு 150 செடி (கானாவின் நாணயம்) மதிப்புள்ள உதவியை, அன்றைய கணக்கில் சுமார் 120 டாலர், சிலருக்கு ரொக்கமாகவும் சிலருக்குச் சரக்காகவோ கருவியாகவோ கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தது வீட்டுச் செலவில் கரைந்தது. சரக்காகக் கொடுத்தது தொழிலிலேயே ஒட்டிக்கொண்டது; ஆனால் ஏற்கனவே ஓரளவு லாபத்தில் இருந்த கடைகளில்தான் அது மேலும் லாபமானது. மிகச் சிறிய கடைகளுக்கு எந்த வடிவிலும் பயன்படவில்லை. பள்ளிக் கட்டணம், மருத்துவம், உறவினர் வீட்டுத் துக்கம் என்று வீட்டில் எழும் ஒவ்வொரு தேவையும் கண்ணில் படும் ரொக்கத்தை நோக்கித்தான் வரும். மறுப்பது எளிதல்ல, மறுக்க வேண்டும் என்று வெளியாள் சொல்வதும் நியாயமல்ல.

ஆகவே பணத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதுதான் வழி. உகாண்டாவில் சுமார் 3,000 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வில், சிறுகடனை ரொக்கமாகக் கையில் தராமல் கைபேசிப் பணக் கணக்கில் போட்டார்கள். எட்டு மாதத்தில் லாபம் 15 சதவீதம் கூடியது. ஒரு கணக்கு எண்ணைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. வங்கி வராத காலத்திலேயே மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் இதே சிக்கலுக்குத் தங்கள் வழியைக் கண்டிருந்தார்கள். கானாவின் சுசு வசூல்காரர் தினமும் கடைக்கு வந்து ஒரே தொகையை வாங்கிப் போவார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். வட்டி கிடைக்காது, கூலி வேறு போகிறது. அப்படியும் கொடுக்கிறார்கள் என்றால், பணத்தை வீட்டிலிருந்து காப்பாற்றுவதற்கு அவர்கள் தரும் விலை அது. 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்னும் தொண்டு நிறுவனம் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழுக்களில் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். பயிற்சித் திட்டம் ஏற்கனவே இருக்கும் இப்படிப்பட்ட குழுவோடு இணைந்தால், ஆள் தேடும் வேலையும் மிச்சம், வகுப்புக்குப் பின் சந்திக்கும் இடமும் தயார்.

பெரிய தொகை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நைஜீரிய அரசு 2011இல் தொடங்கிய ‘யூவின்’ என்ற தொழில்திட்டப் போட்டி பதில் சொல்கிறது. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 6,000 பேருக்கு நான்கு நாள் பயிற்சி. அவர்களில் 1,200 பேருக்குச் சராசரியாக சுமார் 50,000 டாலர் மானியம். நான்கு தவணையாக, வேலை நகர்வதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் குலுக்கலும் இருந்ததால் வென்றவரையும் வெல்லாதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து, மானியம் பெற்றவர்களில் 10 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்போரின் விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. ஆப்பிரிக்காவில் பத்துப் பேருக்கு மேல் வேலை தரும் தனியார் தொழில் எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இதன் எடை புரியும். இதில் ஒரு பாடமும் ஒளிந்திருக்கிறது: யாருடைய தொழில் வளரும் என்று நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கும் பிறகு நடந்ததற்கும் பெரிய தொடர்பில்லை. தொழில்திட்ட அறிக்கையை அழகாக எழுதுபவரைத் தேடிப் பிடிக்கும் போட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2015 முதல் ஆப்பிரிக்கா முழுக்க இளம் தொழில்முனைவோருக்குத் தலைக்கு 5,000 டாலர் கொடுத்துவரும் டோனி எலுமெலு அறக்கட்டளையும் பயிற்சி, வழிகாட்டி, பணம் மூன்றையும் சேர்த்தே தருகிறது.

எல்லாப் பாடத்தையும் உரிமையாளர் தலையிலேயே ஏற்ற வேண்டுமா என்ற கேள்வியும் நைஜீரியாவில் எழுந்தது. 2 முதல் 15 பேர்வரை வேலை செய்யும் நிறுவனங்களில் சிலவற்றுக்கு வகுப்பு, சிலவற்றுக்கு ஆலோசகர், சிலவற்றுக்குக் கணக்கையோ சந்தைப்படுத்தலையோ பார்க்க ஓர் ஆளை வேலைக்கு எடுக்க உதவி, சிலவற்றுக்கு அந்த வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்க உதவி. ஆளை எடுப்பதும் வெளியே ஒப்படைப்பதும் வகுப்பைவிட நல்ல பலன் தந்தன. ஆலோசகருக்கு ஈடான பலனை ஏறக்குறைய பாதிச் செலவில் தந்தன. ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரரைக் கணக்காளராக்க முயல்வதைவிடக் கணக்காளர் ஒருவரை அவரிடம் சேர்ப்பது நல்லது. ஒற்றை ஆள் கடைக்கு இது பொருந்தாது. ஐந்தாறு பேர் கொண்ட பட்டறைக்கு நன்றாகப் பொருந்தும்.

பல்கலைக்கழகங்கள், வணிகப் பள்ளிகளின் தளம் வேறு. பேட்ரிக் அவுவா 2002இல் கானாவில் தொடங்கிய அஷேசி, நைரோபியின் ஸ்ட்ராத்மோர், லாகோஸ் வணிகப் பள்ளி போன்றவை வளரும் நிறுவனங்களுக்கு மேலாளர்களைத் தருகின்றன. அந்த அடுக்கு தேவை. தெருவோரக் கடையின் சிக்கலை அவை தீர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இடையிலே, பள்ளி முடிக்கும் மாணவருக்கான பாடம் நல்ல நம்பிக்கை தருகிறது. உகாண்டாவில் மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு மூன்று வாரப் பயிற்சி கொடுத்து மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது வருமானம் சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. கணக்கு, நிதி மிகுந்த பாடத்துக்கும், பேச்சு, பேரம், துணிவு மிகுந்த பாடத்துக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. பழக்கம் இறுகுவதற்கு முன் கற்றால் இரண்டும் வேலை செய்கின்றன என்றுதான் படுகிறது.

நடத்தும்போது தப்புவது எங்கே

ஆள் சேர்ப்பில்தான் முதல் பிழை. வருகைக்குப் படி கொடுப்பதாக அறிவித்தால் கடையே இல்லாதவரும் வருவார். நன்றாக ஓடும் கடைக்காரர் வரமாட்டார். பயணச் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் போதும். பதிவுசெய்வதற்கு முன் ஒருமுறை கடைக்கே போய்ப் பார்த்தால் பொய்க் கடைகள் கழிந்துவிடும். ஒரு வகுப்பில் 20 முதல் 25 பேருக்கு மேல் சேர்த்தால் வீட்டுப்பாடத்தை ஒவ்வொருவரிடமும் கேட்க நேரமிராது. கேட்காத வீட்டுப்பாடத்தை யாரும் செய்யமாட்டார்கள். ஒரே தொழில் செய்யும் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரரை ஒரே மேசையில் உட்கார வைத்தால் வாய் திறக்கமாட்டார்கள்.

நேரம் அடுத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கிராமச் சந்தைகள் பல நான்கு, ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுபவை. வாரக் கிழமையை வைத்துப் போட்ட அட்டவணை சில வாரத்தில் சந்தை நாளோடு மோதும். முழு நாள் வகுப்பு என்றால் ஒரு நாள் வருமானம் போகிறது. லோமேயில் அரைநாளாக வைத்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஒரு பாயும் இல்லாவிட்டால் இளம் தாய்மார் இரண்டாம் வாரம் நின்றுவிடுவார்கள். மொழியோ கேட்கவே வேண்டாம். கையேடு பிரெஞ்சில் இருக்கலாம், ஆனால் லோமேயில் பேச்சு உள்ளூர் மொழியான ஏவேயில் நடக்க வேண்டும். லாபம், முதல், கூலி என்பவற்றுக்குச் சந்தையில் வழங்கும் சொற்களைப் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பயிற்சியாளருக்குப் பயிற்சி, அவர் மூலம் இன்னொருவருக்கு என்று அடுக்கடுக்காக இறங்கும் முறை செலவைக் குறைக்கும். ஒவ்வொரு படியிலும் பாடம் நீர்த்தும் போகும். பயிற்சிகளும் கலந்துரையாடலும் உதிர்ந்து, கையேட்டை வாசிப்பது மட்டும் மிஞ்சும். தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு பயிற்சியாளரின் முதல் இரண்டு வகுப்பிலும் தேர்ந்த ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும். செலவு குறைக்க நேர்ந்தால் முதலில் வெட்டப்படுவது கடைக்குப் போய்ப் பார்க்கும் மாதாந்திர வருகைதான். அதை வெட்டாமல் வகுப்பு நாளைக் குறைத்துக்கொள்வது மேல் என்பது எங்கள் கணிப்பு. கடையில் நின்று பார்க்கும்போதுதான் சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் தெரியும்.

அரசுப் பதிவைப் பாடத்தின் இலக்காக வைப்பதும் வழக்கமான தவறு. பெனின் நாட்டில் சிறுதொழிலுக்கான எளிய சட்டத் தகுதியை அறிமுகப்படுத்தி, ஆலோசனை, வங்கிக் கணக்கு, வரி விஷயத்தில் உதவி எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பதிவு செய்தோர் எண்ணிக்கை ஓரளவு கூடியது. லாபம் கூடவில்லை.

பிறகு அளவீடு. லாபம் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? இலங்கையில் சிறுதொழில்களிடையே நடந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டியது. வரவையும் செலவையும் உருப்படி உருப்படியாகக் கேட்டுக் கழிப்பதைவிட, ‘எல்லாச் செலவும் போக, உங்கள் சொந்தக் கூலியை மட்டும் கழிக்காமல், சென்ற மாதம் கையில் நின்றது எவ்வளவு?’ என்று நேராகக் கேட்பதே உண்மைக்கு நெருங்கி வந்தது. விற்பனைத் தொகையை வியாபாரிகள் சுமார் 30 சதவீதம் குறைத்தே சொன்னார்கள் என்பதும் அங்கே தெரிந்தது. கணக்குப் பயிற்சி கொடுத்த பிரிவில் இன்னொரு கண்ணி உண்டு: அவர்கள் இப்போது செலவுகளைச் சரியாக எழுதுவதால், உண்மையில் லாபம் கூடியிருந்தாலும் காகிதத்தில் குறைந்ததுபோலத் தோன்றலாம்.

எத்தனை பேரை அளப்பது என்பதும் சிக்கல்தான். உலக அளவில் இத்தகைய பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுக் கணக்கு, சராசரியாக விற்பனை 4.7 சதவீதமும் லாபம் 10.1 சதவீதமும் கூடுவதாகச் சொன்னது. ஒரே கடையின் லாபம் மாதத்துக்கு மாதம் பாதியாவதும் இரட்டிப்பாவதும் இயல்பான சந்தையில், இவ்வளவு சிறிய மாற்றத்தை 200 பேரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘பயிற்சியால் பலனில்லை’ என்று முடித்த பழைய ஆய்வுகள் பலவற்றில் பலன் இல்லாமல் இல்லை. பார்க்கும் கண்ணாடி போதவில்லை.

எப்போது அளப்பது என்பதும் முடிவையே மாற்றிவிடும். வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்குத் தலைக்கு சராசரியாக 382 டாலர் கொடுத்து, கைத்தொழில் பயிற்சியும் கருவியும் அவர்களே தேர்ந்து வாங்கவிட்டார்கள். நான்காம் ஆண்டில் வருமானம் 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் பணம் கிடைக்காதவர்களும் மெல்ல எட்டிப்பிடித்துவிட்டதால் வருமான வேறுபாடு மறைந்தது. சொத்திலும் கைத்தொழிலில் இருப்போர் விகிதத்திலும் வேறுபாடு மிஞ்சியது. அக்ராத் தையல்காரர்களை ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோது மட்டும் பார்த்திருந்தால், சொன்னதைச் செய்கிறார்கள் என்று வெற்றி அறிக்கை எழுதியிருக்கலாம். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைகள் பெரும்பாலும் வகுப்பு முடிந்த ஆறாம் மாதத்தோடு நின்றுவிடுகின்றன, திட்டத்தின் காலமும் பணமும் அதோடு தீர்ந்துவிடுவதால். லோமேயில் நான்கு முறை திரும்பிப் போய் அளந்ததற்கான தொகை முதல் நாளே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 25 பேர் கொண்ட ஒரு சிறு பயிற்சியைத் திட்டமிடுபவரும், மூன்றாம் ஆண்டு அந்த 25 கடைக்கும் ஒருவர் போய்வருவதற்கான பேருந்துக் கட்டணத்தையாவது முதல் வரவு செலவிலேயே எழுதிவைக்க வேண்டும்.